‘ஹேவ் யூ எவர்’: பிரெஞ்சு மாணவர்களுக்குச் சொல்லித்தருவது எப்படி? கேள்வி பதில்

பிரெஞ்சு பேசுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தமிழ் ஆசிரியர்கள் கேட்ட கேள்விகள் இவை. கடந்துபோன அனுபவங்களைப் பற்றி ஒருவரிடம் கேட்பது, அந்தப் பாடம் மட்டும் இன்றைக்கு.

புதுச்சேரியிலிருந்து: மேடம், ‘ஹேவ் யூ எவர் பீன் டு லண்டன்?’ என்று என் மாணவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். அடுத்த வரியிலேயே தடுமாறுகிறார்கள். ஏன்?

முதல் கேள்வி அவர்களுக்குச் சுலபம். பிரெஞ்சின் ‘ஆ த்யூ வ்யூ’, ஆங்கிலத்தின் ‘ஹேவ் யூ சீன்’ இரண்டுக்கும் கட்டுமானம் ஒன்றே. சிரமம் அதற்குப் பிறகு. பேச்சுப் பிரெஞ்சில் ‘பார்த்திருக்கிறாயா’ என்பதற்கும் ‘நேற்றுப் பார்த்தாயா’ என்பதற்கும் ‘பாஸே கொம்போஸே’ என்ற ஒரே இறந்தகால வடிவம்தான். அதனால் ‘எஸ், ஐ ஹேவ்’ என்று பதில் வந்ததும் அதே தடத்தில், ‘வென் டிட் யூ கோ?’ என்பதற்குப் பதிலாக ‘வென் ஹேவ் யூ கான்?’ என்று கேட்டுவிடுகிறார்கள்.

கேள்வியைத் தனியாகப் பழக்காதீர்கள், தொடராகப் பழக்குங்கள். பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் ‘ஹேவ் யூ எவர் ஈட்டன் ஸ்னெயில்ஸ்?’, அதன் கீழே ‘எஸ், ஐ ஹேவ்’. வலப்பக்கம் ‘வேர் டிட் யூ ஈட் தெம்?’, ‘ஹூ வேர் யூ வித்?’, ‘டிட் யூ லைக் தெம்?’ ‘ஆம்’ என்ற பதில் வந்த நொடியில் கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டியபின் இடப்பக்கம் திரும்பக் கூடாது. பீன், சீன், ஈட்டன், மெட், டன், லாஸ்ட், வொன், ப்ரோக்கன் என்று எட்டு வினைகள் முதல் வகுப்புக்குப் போதும். இருவர் இருவராக உட்காரவைத்து, ஒரு ‘ஆம்’ பதிலுக்குக் குறைந்தது மூன்று தொடர்கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். ‘இல்லை’ என்றால் ‘நோ, பட் ஐ வுட் லைக் டு’ என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். இல்லாவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

வலப்பக்கத்தில் ஒரு பிழை தவறாமல் வரும்: ‘வென் டிட் யூ வென்ட்?’ டிட் வந்துவிட்டால் வினை மூலவடிவத்தில்தான் நிற்கும் என்பதைக் கோட்டைத் தாண்டும்போதே சொல்லிவிடுங்கள்.

வகுப்பில் பல ஆசிரியர்கள் ‘எஸ், ஐ ஹேவ்’ வந்ததும் அடுத்த மாணவரிடம் போய்விடுகிறார்கள். மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் ஒரு மணிநேரம் பழக்கியதாக ஆகும்.

பாரிஸ், லா ஷப்பெல்லிலிருந்து: அக்கா, என்னட்ட படிக்கிற பிள்ளையள் எல்லாம் ‘ஹேவ் யூ ஆல்ரெடி பீன் டு லண்டன்?’ எண்டுதான் கேக்கினம். இது பிழையோ?

இலக்கணப்படி பிழையில்லை, கேள்வி மாறிவிடுகிறது. ‘ஆல்ரெடி’ போட்டால் ‘அதற்குள்ளேயே போய்வந்துவிட்டீர்களா?’ என்ற வியப்போ, போவீர்கள் என்று முன்பே எதிர்பார்த்த தொனியோ வந்துவிடும். வாழ்நாளில் ஒருமுறையாவது என்று கேட்க ‘எவர்’தான் வேண்டும். பிரெஞ்சில் ‘தேஜா’ இரண்டு வேலையும் பார்க்கிறது. ஆகவே என் எச்சரிக்கை: ‘தேஜா என்றால் ஆல்ரெடி’ என்று சொற்பட்டியலில் எழுதிக்கொடுக்காதீர்கள். ‘ஹேவ்-யூ-எவர்’ மூன்றையும் ஒரே சொல்லாகப் பழக்குங்கள், ‘தேஜா’வை இடையில் கொண்டுவராமலே.

சென்னையிலிருந்து, இணையவழி ஆசிரியர்: பீன், கான் வித்தியாசத்தை எப்படி விளக்குவது?

‘ஷீ ஹேஸ் பீன் டு ரோம்’ என்றால் போய்வந்துவிட்டாள். ‘ஷீ ஹேஸ் கான் டு ரோம்’ என்றால் இன்னும் அங்கேதான். பிரெஞ்சில் ‘எல் எ அல்லே ஆ ரோம்’ இரண்டையும் குறிக்கும். தமிழில் ‘ரோமுக்குப் போயிருக்கிறாள்’ என்பதும் அப்படித்தான், ஆகவே நீங்களும் கவனமாக இருங்கள். எதிரில் நிற்பவரிடம் ‘ஹேவ் யூ எவர் கான் டு ரோம்?’ என்று கேட்க வேண்டாம், பீன் என்றே பழக்குங்கள். இன்னொன்று: அல்லே (போ), வெனிர் (வா), அரிவே (வந்துசேர்), பார்த்தீர் (புறப்படு) போன்ற வினைகள் பிரெஞ்சில் ‘ஹேவ்’ இடத்தில் ‘எத்ர்’ (ஆங்கிலத்தின் ‘பி’) துணைவினையை எடுப்பதால் ‘ஐ ஆம் அரைவ்ட்’, ‘ஆர் யூ எவர் பீன்?’ என்றெல்லாம் வரும். இந்த வினைகளை மட்டும் தனியாக ஒருமுறை ‘ஹேவ்’ போட்டுச் சொல்லவையுங்கள்.

லியோனிலிருந்து: மேடம், ‘தேஜா’வுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல் கொடுக்கலாம்?

லா ஷப்பெல் நண்பருக்குச் சொன்னதேதான். சொல் கொடுக்காதீர்கள்.

மொன்ட்ரியாலிலிருந்து: இங்கே எல்லாரும் ‘டிட் யூ ஈட் யெட்?’, ‘டிட் யூ எவர் சீ இட்?’ என்றுதான் கேட்கிறார்கள். ‘ஹேவ்’ எதற்கு? எல்லாவற்றுக்கும் ‘டிட்’ போதாதா?

லண்டனிலிருந்து குறுக்கிட்டவர்: அது கொச்சை ஆங்கிலம். சொல்லித்தரவே கூடாது.

கொச்சை என்பதை ஏற்கமாட்டேன். எவர், யெட், ஆல்ரெடி, ஜஸ்ட் இவற்றோடு எளிய இறந்தகாலம் வருவது வட அமெரிக்கப் பேச்சில் படித்தவர்களிடமும் இயல்பு. உங்கள் மாணவர் மொன்ட்ரியாலில் அதைத்தான் கேட்கப்போகிறார், காதில் விழுந்தால் புரிய வேண்டும். அதைச் சொன்ன மாணவரைத் திருத்தவும் வேண்டாம்.

ஆனால் மொன்ட்ரியால் நண்பரே, ‘டிட்’ மட்டும் போதும் என்பதையும் ஏற்கமாட்டேன். பிரெஞ்சு மாணவர் ‘ஹேவ்’ஐப் போடாமல் விடுகிறவர் அல்லர், வேண்டாத இடத்திலும் போடுகிறவர். ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ நியூயார்க்கிலும் பிழை, லண்டனிலும் பிழை. அவர் பழக வேண்டியது எங்கே நிறுத்துவது என்பதை. இரண்டு வடிவத்தையும் அருகருகே வைத்தால்தான் அந்த எல்லை தெரியும். ஒன்றை எடுத்துவிட்டால் ‘ஹேவ் யூ எவர்’ என்று கேட்பவரிடம் பதில் சொல்லவும் திணறுவார்.

லண்டனிலிருந்து மீண்டும்: அப்படியானால் தேர்வில்?

பிரான்ஸில் பொறியியல் மாணவர்கள் பெரும்பாலும் டோயிக் (TOEIC) என்ற ஆங்கிலத் தேர்வை எழுதுகிறார்கள். ஐரோப்பிய மொழித்தர அளவீட்டில் பி2 நிலைக்கு 785 புள்ளிகள். அந்தத் தேர்வின் ஐந்தாம் பகுதியில் வரும் 30 கோடிட்ட வாக்கியங்களில் காலம் கேட்கும்போது யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019 போன்ற முடிந்த நேரச்சொல் இருக்கிறதா என்று முதலில் தேடச் சொல்லுங்கள். இருந்தால் ‘ஹேவ்’ கிடையாது. இந்த விதியில் அமெரிக்க வழக்கு, இங்கிலாந்து வழக்கு என்ற வேறுபாடு இல்லை. இத்தோடு இதை விடுவோம்.

துலூஸிலிருந்து: ‘ஐ லிவ் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்கிறார்களே?

அது ‘தெப்யுய்’ சிக்கல், அனுபவக் கேள்வி அல்ல. ஃபார், சின்ஸ் இரண்டுக்கும் பிரெஞ்சில் அந்த ஒரு சொல்தான். கால அளவுக்கு ஃபார், தொடக்கப் புள்ளிக்குச் சின்ஸ், வினை ‘ஹேவ் லிவ்ட்’. மற்றது வேறொரு நாள்.

புதுச்சேரியிலிருந்து, வேறொருவர்: இலக்கணம் சரியாக இருந்தும் ஆங்கிலேயர்களுக்கு இவர்கள் கேட்பது புரிவதில்லை.

அது உச்சரிப்புச் சிக்கல். ‘ஹ’ விழுந்து ‘ஆவ் யூ’ ஆகும்; ‘எவர்’ரின் அழுத்தம் கடைசி அசைக்குப் போகும். முதல் அசையில் கைதட்டிப் பழக்குங்கள். ‘யூ எவர்’ இடையே ஒரு சிறு வகரம் ஒட்டிவரும்: ‘யூ-வெவர்’. அதை விட்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னால் கேள்வியே உடைகிறது.

வினைத்தேர்விலும் இரண்டு பொறிகள். ஒரு நிகழ்ச்சிக்குப் போவதைக் குறிக்கும் பிரெஞ்சு ‘அசிஸ்தே ஆ’ வழியாக ‘ஹேவ் யூ எவர் அசிஸ்டட் எ கான்சர்ட்?’ வரும், ‘பீன் டு’ போதும். பிரெஞ்சில் ‘பாஸே அன் எக்ஸாமென்’ என்றால் தேர்வு எழுதுவது மட்டுமே, ஆகவே ‘ஹேவ் யூ எவர் பாஸ்ட்’ என்றால் தேறியதாக அர்த்தமாகிவிடும். ‘டேக்கன்’ சொல்லச் சொல்லுங்கள்.

நான்த்திலிருந்து: ‘வென் ஹேவ் யூ கான்?’ என்று கேட்பதை எப்படி நிறுத்துவது?

முதல் பதிலில் போட்ட நடுக்கோடு. அதையே அடுத்த வகுப்பிலும் போடுங்கள், அதற்கடுத்த வகுப்பிலும்.