மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குள் போன தாத்தா ஊர்: வரைபடத்தில் வெறும் நீலம்தான் தெரிகிறது

அணை நீரில் மூழ்கிய தாத்தா ஊரைத் தேடி இந்திய சர்வே துறையின் 58 இ/13 என்ற வரைபடத் தாளை எடுத்தீர்கள், நீலம்தான் தெரிந்தது. தாள் சரியானதுதான், பதிப்புதான் தவறு. அணை 1934இல் முடிந்தது. அதற்கு முன் அளந்த ஒரு அங்குலத் தாள் (ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல், 1:63,360) வேண்டும். தாளின் விளிம்பில் அளந்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு இரண்டையும் பாருங்கள். பலரும் அச்சிட்ட ஆண்டை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். ஊர் மேற்கே தள்ளி இருந்தால் 58 இ/9ஐயும் எடுங்கள்.

செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தும்போது:

1. பழைய தாள் எவரெஸ்ட் அளவீட்டில் (பூமியின் வடிவத்துக்கு அன்று பயன்படுத்திய கணக்கு; ஜிபிஎஸ்ஸின் கணக்கு வேறு) வரைந்தது. அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை ஜிபிஎஸ் எண்ணாக அப்படியே போட்டால் ஊர் தள்ளி விழும்.
2. கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் மாறாத இடங்களாகக் குறைந்தது ஆறு இடங்களைக் குறியுங்கள்: மலை உச்சியின் முக்கோணக் குறி, பழைய கோயில். தாள் முழுக்கப் பரவலாக இருக்கட்டும். ஆற்றங்கரையைத் தொடாதீர்கள்.
3. சரிபார்க்கப் பண்ணவாடி நந்தி (நீர்த்தேக்கத்தில் மூழ்கிய கோயிலின் நந்தி, நீர் இறங்கினால் வெளியே தெரியும்) போதும். நீர் வற்றிய கோடையில் எடுத்த படத்தில் அந்த இடத்தைத் தேடி, தாளின் கோயில் குறியோடு ஒப்பிடுங்கள்.

பெயரை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாகத் தேடுங்கள். குக்கிராமம் என்றால் பெயரே இருக்காது, வீடுகளைக் காட்டும் சில சின்னக் கட்டங்கள்தான்.

ஒன்று: இந்தத் தாளில் நில உரிமையாளர் பெயரோ சர்வே எண்ணோ கிடைக்காது. அதற்கு வருவாய்க் கிராம வரைபடமும் செட்டில்மெண்ட் பதிவேடும் (நிலத்தையும் அதன் வரியையும் பதிந்த அரசுப் பதிவேடு) வேண்டும். அன்று சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களுக்கு இடையே காவிரிதான் எல்லை. ஊர் மேற்குக் கரை என்றால் சேலத்தில் தேடாதீர்கள், கோயம்புத்தூர் மாவட்டப் பதிவில் கேளுங்கள்.