கேள்வி – பதில்: கையால் உருவாகும் கிதார்

கைவினைஞர்கள் தனித்தனியே செய்து தரும் கிதார்களைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இவ்விதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன், அங்குள்ள ஒரு கைவினைஞரிடம் தனக்கென ஒரு கிதார் செய்யச் சொல்லி முன்பணம் கட்டியிருக்கிறான். எட்டு மாதம் ஆகுமாம். வேலை நடக்க நடக்க அவர் அனுப்பும் படங்களை அவன் எனக்கும் அனுப்புகிறான். முதல் படத்தில் இரண்டு மெல்லிய பலகைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. கடையில் அரை மணி நேரத்தில் வாங்கி வரக்கூடிய பொருளுக்கு எட்டு மாதம் எதற்கு?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அந்த இரண்டு பலகைகளும்தான் கிதாரின் முகப்பு. ஓசையில் பெரும்பங்கு அதிலிருந்தே பிறக்கிறது என்பதால், கைவினைஞர் அதை முதலில் காட்டியதில் பொருள் இருக்கிறது. முகப்புக்குப் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரத்தையே எடுப்பார்கள். அலாஸ்காவிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் வளரும் சிட்கா ஸ்ப்ரூஸ், ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் ஐரோப்பிய ஸ்ப்ரூஸ், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் அடிராண்டாக் ஸ்ப்ரூஸ் ஆகிய மூன்றும் பெயர் பெற்றவை. எடை குறைவாகவும் அதே சமயம் விறைப்பாகவும் இருப்பதே இம்மரத்தின் சிறப்பு.

மரத்தின் வளர்ச்சி வளையங்கள் பலகையின் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்து, அந்தப் பலகையை மீண்டும் இரண்டாகக் கிழித்து, புத்தகத்தை விரிப்பது போல் விரித்து வைத்தால், நடுக்கோட்டின் இருபுறமும் ரேகைகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமையும். பிறகு இரண்டு விளிம்புகளையும் இழைப்புளியால் சீவி, ஒன்றோடொன்று பொருத்தி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். இடையில் மயிரிழை அளவு ஒளி கசிந்தாலும் மறுபடி சீவ வேண்டியதுதான். ஒளி கசியும் இணைப்பைப் பசையால் நிரப்பி மூடிவிட்டால், சில கோடைகள் கழிந்ததும் அதே இடத்தில் விரிசல் விடும்.

ஒட்டிய பலகையை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைத்துக் கொண்டுவருவார்கள். தொழிற்சாலையில் எல்லாப் பலகையும் இயந்திரத்தில் ஒரே அளவுக்குத் தேய்க்கப்படும். கைவினைஞரோ பலகையை நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் மெல்ல வளைத்துப் பார்த்து, விறைப்பான மரமாக இருந்தால் இன்னும் சற்றுச் சீவி, தளர்வான மரமாக இருந்தால் முன்னதாகவே நிறுத்திவிடுவார். தங்கள் மகன் கொடுக்கும் பணத்தில் கணிசமான பங்கு இந்த முடிவுகளுக்கான கூலி என்பது என் கருத்து. எட்டு மாதமும் உளியும் கையுமாக இருப்பார் என்று எண்ண வேண்டாம். மரம் பட்டறையின் ஈரப்பதத்துக்குப் பழகுவதற்கும், மேற்பூச்சு இறுகுவதற்கும், வரிசையில் முன்னால் இருப்பவர்களின் கருவிகள் முடிவதற்கும் அதில் நிறைய நாட்கள் போய்விடும்.

கேள்வி: வீணையின் குடத்தைப் பலா மரத்தைக் குடைந்து செய்வதைத் தஞ்சாவூரில் பார்த்திருக்கிறேன். கிதாரின் பக்கங்கள் இடுப்பு போல வளைந்திருக்கின்றனவே, அவற்றையும் குடைந்து எடுப்பார்களா, துண்டு துண்டாக ஒட்டுவார்களா?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டும் இல்லை, வளைப்பார்கள். ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் கனமுள்ள நீண்ட பட்டையை ஈரப்படுத்தி, உள்ளே சூடேற்றப்பட்ட ஓர் உலோகக் குழாயின் மேல் வைத்து, இரு கைகளாலும் மெல்ல அழுத்துவார்கள். குழாயின் மேல் ஒரு சொட்டு நீரைத் தெளித்தால் அது துள்ளி ஓட வேண்டும். அதுதான் சரியான சூட்டுக்கு அடையாளம். மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்னும் பொருள் சூட்டில் இளகும்போது, அதுவரை விறைத்து நின்ற பட்டை சட்டென்று கைக்கு இணங்கும். அந்த நொடியைக் கை உணர வேண்டும். அதற்கு முன்பே அழுத்தினால் பட்டை முறியும். பிறகும் சூட்டிலேயே வைத்திருந்தால் கருகும். இடுப்புப் பகுதியில்தான் வளைவு மிகக் குறுகலாக இருப்பதால், பட்டைகள் அதிகம் முறிவதும் அங்கேதான். வளைத்த பட்டையை உடலின் வடிவில் செய்த அச்சுக்குள் இறுக்கி வைத்து ஆறவிடுவார்கள். மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஒவ்வொரு மரக்கட்டையை வைத்து இரண்டு பட்டைகளையும் இணைத்ததும் கிதாரின் சட்டம் தயாராகிவிடும்.

கேள்வி: கிதாரின் உட்புறத்தைக் காட்டும் ஒரு படத்தில், முகப்புப் பலகையின் அடியில் பெருக்கல் குறி போலச் சில சட்டங்கள் ஒட்டப்பட்டிருந்தன. பலகை உடையாமல் இருப்பதற்காகவா? அப்படியானால் பலகையையே கனமாக வைத்துவிட்டுப் போகலாமே!
– வாசகர், திருச்சி

பதில்: கனமாக வைத்தால் உடையாது, ஆனால் ஒலிக்கவும் செய்யாது. எஃகுத் தந்திகள் ஆறையும் சுருதிக்கு முறுக்கும்போது அவற்றின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 70 கிலோவை எட்டுகிறது. இவ்வளவு இழுவையை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டிய அதே மெல்லிய பலகை, ஒரு விரல் தந்தியை மெதுவாக மீட்டினாலும் அதிர வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இந்த இரண்டு தேவைகளையும் ஒரே பலகையில் நிறைவேற்றும் பொறுப்பு அந்தச் சட்டங்களுடையது.

இதற்குப் பெயர் பெற்ற வழிகள் இரண்டு உண்டு. ஸ்பெயினின் அல்மேரியாவைச் சேர்ந்த அந்தோனியோ டி டோரஸ் (1817–1892), விசிறி போல விரியும் மெல்லிய சட்டங்களைச் செம்மைப்படுத்தினார். இழுவை குறைந்த தந்திகளைக் கட்டும் கிளாசிக்கல் கிதார்கள் இன்றும் பெரும்பாலும் அவர் வழியையே பின்பற்றுகின்றன. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலிருந்து 1833இல் நியூயார்க்குக்குக் குடியேறிய சி. எஃப். மார்ட்டினும் அக்கால அமெரிக்கக் கைவினைஞர்கள் சிலரும், 1840களில், நீங்கள் படத்தில் பார்த்த பெருக்கல் குறி அமைப்பைக் கையாளத் தொடங்கினர். அப்போது தந்திகள் குடலால் ஆனவை. பல பத்தாண்டுகள் கழித்து எஃகுத் தந்தி பரவியபோது, அதன் இழுவையைத் தாங்க அந்த அமைப்பே ஏற்றதாக அமைந்தது.

சட்டங்களையும் ஸ்ப்ரூஸிலேயே செய்வார்கள். நல்ல கைவினைஞர் அவற்றை ரம்பத்தால் அறுப்பதைவிட, விறகு பிளப்பதைப் போலப் பிளந்து எடுப்பதையே விரும்புவார். பிளக்கும்போது பிளவு நாரின் போக்கிலேயே ஓடுவதால், சட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நார் அறுபடாமல் இருக்கும். குறைந்த எடையில் முழு வலிமையும் கிடைக்கும். ஒட்டிய பிறகே உண்மையான வேலை தொடங்குகிறது. பலகையை விளிம்பில் இரண்டு விரல்களால் தொங்கவிட்டுப் பிடித்து, மறு கையின் விரல் முட்டியால் தட்டிக் கேட்பார், சிறிய உளியால் சட்டத்தின் ஓரத்தில் சுருள் சுருளாகச் சீவுவார், மீண்டும் தட்டுவார். தொடக்கத்தில் மொட்டையாகக் கேட்கும் ஓசை, சீவச் சீவக் கீழிறங்கி, தட்டிய பின்னும் நீண்டு ஒலிக்கத் தொடங்கும். எங்கே நிறுத்துவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. முன்னதாக நிறுத்தினால் ஓசை அடங்கியே இருக்கும். அளவு மீறிச் சீவிவிட்டாலோ, சில ஆண்டுகளில், முகப்பின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரைக்குப் பின்னால் பலகை புடைத்துக்கொள்ளும்.

இந்தத் தடுமாற்றம் பெரிய நிறுவனங்களுக்கும் இருந்தது. சட்டங்களின் நடுவைக் குழிவாகச் சீவும் வழக்கத்தை மார்ட்டின் நிறுவனம் 1944ஆம் ஆண்டின் இறுதியில் கைவிட்டது. கனமான தந்திகளைக் கட்டியவர்களின் கிதார்கள் அந்த இழுவையைத் தாங்க வேண்டியிருந்ததே காரணம். பழைய கிதார்களின் ஓசையை நாடியவர்கள் பெருகவே, 1976இல் எச்டி-28 என்னும் வகையில் அதே வழக்கத்துக்கு அது திரும்பியது.

கேள்வி: முதுகுப் பலகை ஈட்டி மரமாக இருந்தால்தான் நாதம் ஆழமாக இருக்கும் என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். விலையும் அதற்கேற்ப உயர்கிறது. உண்மைதானா?
– வாசகர், சென்னை

பதில்: ஈட்டி மரம் அழகானது, வளைப்பதற்கும் இணங்கும், பல தலைமுறைகளாக மதிப்புப் பெற்றது. ஆனால் ஓசையைப் பொறுத்தவரை கடைக்காரரின் கூற்றைப் பாதிக்கு மேல் தள்ளுபடி செய்யலாம். மேலே குறிப்பிட்ட டோரஸ், முகப்பே முதன்மையானது என்று காட்டுவதற்காக, முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து 1862இல் ஒரு கிதாரை உருவாக்கினார். நம் காலத்தில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முதுகும் பக்கங்களும் மட்டும் வெவ்வேறு மரங்களாலான 6 கிதார்களை ஒரு கைவினைஞரைக் கொண்டு செய்வித்து, எது எதுவெனத் தெரியாதபடி 52 கலைஞர்களை வாசிக்கச் செய்தனர். 2018இல் வெளியான அந்த ஆய்வின்படி, விலை உயர்ந்த மரத்துக்கும் மலிவான மரத்துக்கும் அவர்கள் அளித்த மதிப்பீட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இம்மரத்தில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. பிரேசில் தன் நாட்டு ஈட்டி மரத்தைத் தடியாக ஏற்றுமதி செய்வதை 1960களின் இறுதியில் தடுத்தபோது, மார்ட்டின் போன்ற நிறுவனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் விளையும் இந்திய ஈட்டிக்கு மாறின. நீலகிரியிலும் கூடலூர்ப் பகுதியிலும் காணப்படும் அந்த மரத்தைக் காப்பதற்கென்றே தமிழ்நாடு 1994இல் தனிச் சட்டம் இயற்றியது. மரம் கிடைப்பது இவ்வளவு அரிதாகிவரும்போது, தனக்கென ஒரு கிதாரைச் செய்யச் சொல்பவர், முதுகுக்கு வேறு மரத்தைத் தேர்ந்து, மிச்சமாகும் பணத்தை நல்ல முகப்புப் பலகைக்குச் செலவிடுவதையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: நான் கணித ஆசிரியர். கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகளான மெட்டுகளுக்கு இடையிலான தூரம் போகப் போகக் குறைவதற்கான கணக்கு என்ன?
– வாசகர், சேலம்

பதில்: ஒரு சுரத்தானத்திலிருந்து அடுத்ததற்கு ஏறும்போது அதிர்வெண் 2இன் பன்னிரண்டாம் படிமூலத்தால் பெருக வேண்டும். எனவே எஞ்சியுள்ள தந்தி நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817ஆல் வகுத்தால் அடுத்த மெட்டு எங்கே என்பது கிடைக்கும். தந்தியின் நீளம் 645 மில்லிமீட்டர் என்றால், முதல் மெட்டு 36.2 மில்லிமீட்டரிலும் பன்னிரண்டாவது சரிபாதியிலும் விழும். பழைய கைவினைஞர்கள் 18ஆல் வகுத்தார்கள். விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலேயி 1581இல் பரிந்துரைத்த விகிதம் அது. அக்கணக்கில் பன்னிரண்டாவது மெட்டு சரிபாதிக்கு 2 மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாகவே முன்னால் நின்றுவிடும். தந்தியை அழுத்தும்போது அதன் இழுவை கூடிச் சுருதி சற்று ஏறுவதால், அதை ஈடுகட்டக் குதிரையைச் சில மில்லிமீட்டர் பின்தள்ளி ஒட்டி, அதன் மேல் தந்திகள் தங்கும் மெல்லிய பட்டையைச் சாய்வாகப் பதிப்பார்கள். தடித்த தந்திகளுக்கு அந்த ஈடு அதிகம் தேவைப்படும்.

கேள்வி: வெளிநாட்டில் செய்த கிதார் சென்னையின் புழுக்கத்தைத் தாங்குமா? கொண்டுவருவதில் சட்டச் சிக்கல் உண்டா?
– வாசகி, சென்னை

பதில்: கிதார் பட்டறைகளில் காற்றின் ஈரப்பதத்தை வழக்கமாக 45 சதவீதத்தை ஒட்டியே வைத்திருப்பார்கள். அந்த நிலையில் ஒட்டிய பலகை சென்னைக்கு வந்ததும் ஈரத்தை உறிஞ்சிக் குறுக்குவாட்டில் விரியும். முகப்பு சற்று எழும்ப, தந்திகள் மெட்டுகளை விட்டு உயர்ந்து, அழுத்துவதற்கு விரல் வலிக்கும். பகலில் புழுக்கத்திலும் இரவில் குளிர்சாதன அறையிலும் மாற்றி மாற்றி வைப்பது இதைவிடக் கேடு. மரம் திரும்பத் திரும்ப விரிந்து சுருங்கி, இணைப்புகள் விட்டுப்போகும். வாசிக்காத நேரத்தில் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடுங்கள். பெட்டியில் ஈரமானி ஒன்றும் சிலிக்கா ஜெல் பைகளும் இருக்கட்டும். அளவு 60 சதவீதத்தைத் தாண்டினால் பைகளை மாற்றுங்கள். கருவி எந்த ஊருக்குப் போகிறது என்பதைக் கைவினைஞரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், கழுத்தின் கோணத்தையும் குதிரையின் உயரத்தையும் அதற்கேற்ப அமைத்துத் தருவார்.

சட்டத்தைப் பொறுத்தவரை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை 2017இல் ஈட்டி இனங்கள் அனைத்தையும் தன் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஆயினும் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் முதல் விலக்கு உண்டு. பிரேசில் ஈட்டிக்கு இந்த விலக்கு பொருந்தாது; ஆகவே எந்த மரம் எங்கே பயன்படுத்தப்பட்டது என்பதை அறிவியல் பெயருடன் எழுதிக் கையொப்பமிட்ட சீட்டு ஒன்றைச் செய்தவரிடமிருந்து பெற்று, பெட்டியிலேயே வைத்திருங்கள்.