பில்லில் யார் பெயர்?

(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில் கார் நிறுவனங்கள் இடையில் டீலர் இல்லாமல் வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்பதைப் பற்றி ஒரு வாசகருக்கு இரண்டு வரியில் பதில் எழுதியிருந்தோம். அது போதவில்லை என்று பாலக்காட்டு எல்லையோர ஊர்களிலிருந்தும் குமுளியிலிருந்தும் குப்பத்திலிருந்தும் கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எட்டு லட்ச ரூபாய்க்குள் ஒரு கார் வாங்க நினைக்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், "இன்னும் ஐந்து வருஷத்தில் ஷோரூம் என்பதே இருக்காது, சித்தப்பா. போன் வாங்குவது போலக் காரையும் கம்பெனியிடமே வாங்கிக்கொள்ளலாம், விலையும் குறையும், பொறுத்திருங்கள்" என்கிறான். பொறுத்திருக்கலாமா?
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் அண்ணன் மகன் சொல்லும் முறை நம் நாட்டுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, ஆனால் அது வந்த விதம் அவர் நினைப்பது போல் இல்லை. மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 2021 அக்டோபரிலிருந்து இந்தியாவில் தன் கார்களைத் தானே வாடிக்கையாளருக்கு விற்று வருகிறது. கையிருப்பு முழுவதும் நிறுவனத்துக்குச் சொந்தம், பில்லும் அதன் பெயரிலேயே வருகிறது. ஆனாலும் பழைய ஷோரூம்கள் மூடப்படவில்லை. காரைத் தன் பணத்தில் வாங்கி விற்றுக்கொண்டிருந்த டீலர், இப்போது ஒவ்வொரு வண்டிக்கும் கமிஷன் பெறும் ஏஜெண்டாக அதே கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார். வால்வோ 2022இல் தன் மின்சாரக் காரை இணையத்தில் நேரடியாக விற்கத் தொடங்கியது. டெஸ்லா 2025 ஜூலையில் மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்தில் டீலரே இல்லாமல் தன் சொந்த மையத்தைத் திறந்தபோது, அங்கே விற்கப்பட்ட காரின் விலை ஏறத்தாழ 60 லட்ச ரூபாயில் தொடங்கியது. இவை எல்லாமே நீங்களும் நானும் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கும் கார்கள். எட்டு லட்ச ரூபாய்க் காரில் இந்த முறை ஏன் வரவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

காரணம் கையிருப்பு. தொழிற்சாலையிலிருந்து லாரியில் ஏறும்போதே பெரும்பாலான கார்கள் டீலர் பெயரில் பில் போடப்பட்டுவிடுகின்றன. அந்தப் பணத்தை டீலர் வங்கியில் கடனாக வாங்கிக் கட்டுகிறார். கார் விற்கும் வரை வட்டி அவருடையது. வாகன டீலர்களின் கூட்டமைப்பான ஃபாடா, 2024 செப்டம்பர் இறுதியில் டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்குரிய கார்கள், அதாவது சுமார் 79,000 கோடி ரூபாய்ச் சரக்கு, தேங்கிக் கிடப்பதாகச் சொன்னது. நேரடி விற்பனைக்கு மாறும் நாளில் இந்தச் சுமை முழுவதும் தயாரிப்பாளரின் தலைக்கு வந்துவிடும். மாதம் சில நூறு கார் விற்கும் நிறுவனத்துக்கு அது தாங்கும். லட்சக்கணக்கில் விற்கும் நிறுவனம், ஊரார் பணத்தில் ஓடும் வண்டியை விட்டு எதற்காக இறங்க வேண்டும்? தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் தொழிற்சாலை திறந்த வியட்நாமின் வின்ஃபாஸ்ட், அமெரிக்காவில் நேரடி விற்பனையில் தொடங்கிப் பிறகு டீலர்களைத் தேடிப் போன நிறுவனம்; இந்தியாவில் அது முதல் நாளிலிருந்தே டீலர்களை நியமித்துக்கொண்டுதான் கடை விரித்தது. ஐரோப்பாவில் ஃபோர்டும், பிரிட்டனில் ஜாகுவார் லேண்ட் ரோவரும் டீலர்களை ஏஜெண்டாக்கும் திட்டத்தை அறிவித்துவிட்டுப் பின்வாங்கின.

விலை குறையும் என்பதும் நிச்சயமில்லை. சரக்கு தேங்கினால் டீலர் இறங்கி வருவார். சரக்குக்குத் தட்டுப்பாடு இருந்தால் அவரே ராஜா. மாருதியின் முதல் கார் 1983 டிசம்பரில் ஒப்படைக்கப்பட்ட காலத்தில், பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களிடம் டிஸ்கவுண்ட் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். 1993இல் கார் தொழிலுக்கு லைசென்ஸ் முறை நீங்கிப் போட்டி வந்த பிறகுதான் தரைவிரிப்பும் கூடுதல் தள்ளுபடியும் வந்தன. நேரடி விற்பனையில் விலை ஒன்றே ஒன்று. பேரம் பேசத் தெரியாதவருக்கு அது நிம்மதி, தெரிந்தவருக்கு நஷ்டம்.

ஆகவே பொறுத்திருக்கக் காரணம் ஒன்றும் இல்லை. பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ உங்கள் வீட்டிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பக்கூடிய தூரத்தில் எந்த நிறுவனத்துக்கு நல்ல சர்வீஸ் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். மாடலை அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.

கேள்வி: புது கார் என்று சொல்லி எனக்கு விற்ற டீலர், உண்மையில் முந்தைய ஆண்டு தயாரான வண்டியைக் கொடுத்திருக்கிறார் என்று ஆர்.சி. புத்தகம் வந்த பிறகுதான் தெரிந்தது. கம்பெனிக்கு எழுதினால், டீலரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். கம்பெனிக்குப் பொறுப்பே கிடையாதா?
– ஒரு வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: உங்கள் ஆத்திரம் நியாயமானது. ஆனால் சட்டம் இந்த இடத்தில் சற்றுக் கசப்பாகவே இருக்கிறது. ஏறக்குறைய இதே போன்ற ஒரு வழக்கில், அதாவது 2011ஆம் ஆண்டு வண்டிக்குப் பணம் வாங்கிக்கொண்டு 2009இல் தயாராகி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய வண்டியை ஒரு டீலர் தலையில் கட்டிவிட்ட வழக்கில், டாடா மோட்டார்ஸ் செய்த மேல்முறையீட்டை ஏற்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. நிறுவனமும் டீலரும் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கி விற்கும் தனித்தனி வணிகர்கள் என்ற உறவில் இருக்கும்போது, டீலர் செய்த ஏமாற்று நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது என்று காட்டப்படாத வரை, அதற்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்க முடியாது என்பது அதன் சாரம். வண்டியின் தயாரிப்புக் குறைபாடு வேறு விஷயம். அதற்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தயாரிப்பாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நேரடி விற்பனையின் உண்மையான நன்மை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. பில்லில் தயாரிப்பாளரின் பெயரே இருந்தால், "அது டீலர் செய்தது" என்று கைகழுவ அவருக்கு வழியில்லை. இணையத்தில் பட்டனை அழுத்தி வாங்கும் வசதியை விட இது பெரிது. ஆனால் விளம்பரங்களில் இதை யாரும் சொல்வதில்லை.

உங்கள் வழக்கில் டீலர்தான் முதல் எதிர்தரப்பு. ஃபார்ம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் குறிப்பிடப்பட்டிருக்கும்; அதையும், நீங்கள் முன்பணம் கட்டிய ரசீதையும், விலை எழுதிக் கொடுத்த தாளையும் எடுத்து வையுங்கள். கார் வாங்கியது கோவையிலேயானாலும், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருப்பதால், பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நீங்கள் அணுகலாம். கொடுத்த விலை 50 லட்ச ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே போதும். (60 லட்ச ரூபாய்க் கார் வாங்கியவர்கள் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும்; அவர்களுக்கும் சிரமம் உண்டு.) அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்குக் கோயம்புத்தூர் பக்கம், பாலக்காடும் பக்கம். கோவை ஷோரூமில் வாங்கி, கேரளச் சித்தூரில் கே.எல். 70 எண் வாங்க முடியுமா?
– ஒரு வாசகர், வேலந்தாவளம்

பதில்: முடியும். மோட்டார் வாகனச் சட்டத்தின்படி நீங்கள் வசிக்கும் அல்லது வண்டியை வழக்கமாக நிறுத்தும் மாநிலத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். எந்த மாநிலத்தில் வாங்கினீர்கள் என்பது பொருட்டல்ல. 2019 திருத்தத்துக்குப் பிறகு, புது வண்டியின் பதிவு விண்ணப்பத்தை டீலரே கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆனால் அந்த டீலர் இருக்கும் மாநிலத்திலேயே வண்டி பதிவாகும்போதுதான் அது பொருந்தும். கோவை டீலர் உங்களுக்குத் தற்காலிகப் பதிவு எண் எடுத்துத் தருவார். அதன் பிறகு வண்டியுடன் சித்தூர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியது உங்கள் பாடு. சாலை வரியும் கேரளத்துக்கே. கோவையில் இருக்கும் மைத்துனரின் முகவரியைக் கொடுத்துத் தமிழ்நாட்டு எண் வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை எல்லையோரத்தில் சகஜம். வேண்டாம். வேற்று மாநில எண்ணோடு ஒரு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் எண்ணை மாற்ற வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அன்றைக்கு வரியும் தேடி வரும்.

நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினாலும் இந்த அலைச்சல் குறையாது. டீலர் என்பவர் பாதி நேரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில் ஓடும் ஆள்தான் என்பதை நேரடி விற்பனையைப் புகழ்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் பழைய ஜீப்பை எக்ஸ்சேஞ்ச் கொடுத்துப் புதிய வண்டி எடுக்க விரும்புகிறேன். இணையத்தில் விலை கேட்டால் மிகவும் அடிமட்டமாகச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், குமுளி

பதில்: இணையத்தில் விலை சொல்பவருக்கு மலைப்பாதையில் அந்த ஜீப்பின் அருமை தெரியாது. கம்பத்திலோ கட்டப்பனையிலோ கைமாற்றி விடும் தரகரிடம் தனியாக விற்றுவிட்டு, புதிய வண்டிக்குத் தனியாகப் பேசுங்கள். புதிய வண்டியின் பில்லில் ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பத்து லட்ச ரூபாய்க்கு மேல் போனால் விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் டி.சி.எஸ். என்ற வரியாக ஒரு சதவீதம் பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: கிருஷ்ணகிரி சாலையில் எனக்குச் சொந்தமாக இடம் இருக்கிறது. மின்சார வாகன நிறுவனம் ஒன்று டீலர்ஷிப் எடுக்கச் சொல்கிறது. நாளைக்கே அவர்கள் நேரடி விற்பனைக்கு மாறிவிட்டால் என் கதி என்ன என்று மனைவி கேட்கிறாள்.
– ஒரு வாசகர், குப்பம்

பதில்: உங்கள் மனைவி கேட்ட கேள்வியைத்தான் இந்தியாவின் பெரிய டீலர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில், தன் டீலருக்குப் போட்டியாகத் தயாரிப்பாளரே கடை திறக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டங்கள் உண்டு. டெஸ்லாவின் தலைமையகமும் தொழிற்சாலையும் டெக்சாஸில் இருந்தும், அந்த மாநிலத்தில் அது வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்க முடியாமல், விற்பனை வெளி மாநிலத்தில் நடந்ததாகக் காட்டி வண்டியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் டீலரைக் காக்கும் அப்படிப்பட்ட தனிச் சட்டம் இல்லை. ஃபாடா நெடுநாளாகக் கேட்டு வருகிறது. இங்கே 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும், நீங்கள் கையெழுத்திடும் தாளும்தான் துணை.

அந்தத் துணை எவ்வளவு தூரம் வரும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபோர்டு டீலர்கள் மட்டும் சுமார் 2,000 கோடி ரூபாய் முதலீடு செய்திருந்ததாக ஃபாடா அப்போது கூறியது. நிறுவனத்துக்கு உலகம் பெரிது. டீலருக்கு அந்தக் கண்ணாடிக் கட்டடம்தான் உலகம். ஏஜெண்டாக மாற்றுவதை எதிர்த்து ஆஸ்திரேலியாவில் மெர்சிடிஸ் டீலர்கள் 65 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கேட்டுத் தொடர்ந்த வழக்கு 2023இல் தோற்றது. டீலருக்கு நிறுவனம் துரோகம் செய்யாமலேயே அடி விழுவதும் உண்டு: 2025 செப்டம்பர் 22 அன்று கார்களின் ஜி.எஸ்.டி. குறைந்து செஸ் வரி நீங்கியபோது வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். ஏற்கெனவே செஸ் கட்டிச் சரக்கு எடுத்து வைத்திருந்த டீலர்களின் கணக்கில் அந்தப் பணம் கழித்துக்கொள்ள வழியில்லாமல் சிக்கிக்கொண்டது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலெக்ட்ரிக், டீலரே வேண்டாம் என்று தன் ஸ்கூட்டர்களைத் தானே விற்ற நிறுவனம். விற்பனை வேகமாக ஏறியது. சர்வீஸ் அதோடு ஏறவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்த நிலையில், 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அந்நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. வண்டி பழுதானால் கேட்க உள்ளூரில் தெரிந்த முகம் ஒன்று வேண்டும் என்பதை நிறுவனங்கள் இப்போது உணர்ந்திருக்கின்றன. உங்களைத் தேடி வந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

எனவே விற்பனையை நம்பி இறங்காதீர்கள். சர்வீஸை நம்பி இறங்குங்கள். முன்னால் ஷோரூமுக்குச் சிறிய இடம், பின்னால் பட்டறைக்குப் பெரிய இடம் என்று கட்டடத்தைத் திட்டமிடுங்கள். தரைக் கல் முதல் பெயர்ப் பலகை வரை நிறுவனம் சொல்லும் கடையிலேயே வாங்க வேண்டும் என்பார்கள். அந்தச் செலவுக்கு வரம்பு கேளுங்கள். நிறுவனம் வெளியேறினாலோ விற்பனை முறையை மாற்றினாலோ, விற்காத வண்டிகளையும் டெமோ வண்டிகளையும் ஸ்பேர்களையும் நீங்கள் கொடுத்த விலைக்கே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாத முன்னறிவிப்பும், உங்கள் வட்டாரத்தில் நிறுவனம் இணையத்தில் நேரடியாக விற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் உங்களுக்குக் கமிஷனும் கேளுங்கள். தகராறு வந்தால் மத்தியஸ்தம் எந்த ஊரில் என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அது பெரும்பாலும் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊராக இருக்கும், குப்பத்திலிருந்து அங்கே போய் வர உங்களுக்குத்தான் ரயில் டிக்கெட். இடம் சொந்தம் என்கிறீர்கள். அதை மட்டும் வங்கியில் ஈடு வைக்காமல் இந்தத் தொழிலைத் தொடங்க முடியுமா என்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியாது என்றால், அந்த இடத்தை நிறுவனத்துக்கே வாடகைக்கு விட்டுவிடுவது நல்லது.