வறட்சியில் இலை கொட்டிய தேக்கு செத்துவிட்டதா? மரத்துக்குள் கூடும் சீனி புரதத்தில் ஒட்டிக்கொள்ளுமா?

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு சின்னக் கத்தி போதும்.

நாங்கள் இருப்பது மட்டக்களப்பின் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். ஐப்பசியில் தொடங்கும் மாரி தையோடு ஓய்ந்துவிடும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று கிளம்பினால், கொடியில் போட்ட சாரம் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். அப்படி ஓர் ஆவணியில் எங்கள் வளவுத் தேக்கும் மொட்டையாக நின்றது. பட்டுப்போச்சு என்று அப்பா தறிக்க ஆளையே கூப்பிட்டுவிட்டார். அம்மா கத்தியை வாங்கி ஒரு கொப்பின் பட்டையை மெல்லச் சுரண்டினார். உள்ளே பச்சை, தொட்டால் விரலில் ஈரம். "மழை விழட்டும், மறுகா தறிப்பம்" என்றார். மழை விழுந்தது, துளிர்த்தது. அப்பாவின் சாய்மனைக் கதிரை இன்றைக்கும் அதன் கீழேதான் கிடக்கிறது.

மரம் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இலைவாய் என்ற இலையின் நுண்துளைகள் வழியே ஆவியாகத்தான் போகிறது. மண் காயத் தொடங்கியதும் அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் கூடும். இலைவாயின் இரு பக்கமும் உள்ள காவற்கலங்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறும், பின்னாலேயே தண்ணீரும் போகும், கலங்கள் தளர்ந்து வாய் மூடிக்கொள்ளும். தண்ணீர் மிச்சம்தான். ஆனால் காபனீரொட்சைட்டு நுழைவதும் அதே வாசல் என்பதால் இலையில் சீனி செய்யும் சமையல் நின்றுவிடும். சேர்த்து வைத்த மாப்பொருளைத்தான் தின்ன வேண்டும். மூடாமல் விட்டாலோ வேறு ஆபத்து. வேரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோகும் காழ்க் குழாய்க்குள் தண்ணீர் இழுபட்டு நிற்கிறது. இழுவிசை அளவு மீறினால் தொடர் அறுந்து காற்றுக் குமிழி புகுந்துவிடும், அந்தக் குழாயில் பிறகு தண்ணீர் ஏறாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு மரமும் தன் வழியைப் பார்த்துக்கொள்கிறது. கொழும்பு ரயில் புணானைக் காட்டைத் தாண்டும்போது ஜன்னலால் பாருங்கள். வீரையும் பாலையும் தடித்த இலையோடு கரும்பச்சையாகவே நிற்கும். தேக்குக்கு அந்தப் பொறுமை இல்லை. இலையிலுள்ள நைதரசனையும் பொசுபரசையும் முடிந்தவரை தண்டுக்குள் இழுத்துக்கொண்டு, காம்படியில் ஒரு பிரிபடை கட்டி, இலையைக் கழற்றிவிடும். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் மாதிரி.

இனிச் சீனிக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். வறட்சியில் பல மரங்கள் மாப்பொருளை உடைத்துச் சுக்குரோசு போன்ற சீனிகளாக்குகின்றன. கலச்சாறு செறிவாகும்போது தண்ணீர் லேசில் வெளியே போகாது. முதல் பயன் அது. இரண்டாவது பயன் முழுதாகத் தெரிவது மரத்தில் அல்ல, விதையில். விதைநெல்லைப் பதின்மூன்று சதவீத ஈரம் வரை வெயிலில் காய வைக்கிறோம், ஆனாலும் முளைக்கிறது. புரதத்தைச் சுற்றித் தண்ணீர் பிடித்திருந்த ஐதரசன் பிணைப்புகளைச் சீனி மூலக்கூறுகள் தாங்கள் பிடித்துக்கொள்கின்றன. மிச்சம் கண்ணாடி போல இறுகி, புரதம் குலைந்து போகாமல் நிறுத்தி வைக்கிறது. மழை வந்ததும் விட்டுவிடும். (பயற்றங்காய் விதையில் ராபினோசு வகைச் சீனிகளும் இந்த வேலைக்கு உண்டு. தின்றபின் வயிறு ஊதுவதும் அவற்றால்தான்.)

ஆகவே இது ஒட்டுவது அல்ல, கை கோத்து நிற்பது. உண்மையாக ஒட்டுவது வேறு. கலமே நொதியத்தைக் கொண்டு சில புரதங்களில் சீனிச் சங்கிலியைக் கட்டுவது ஒரு வகை. அது திட்டமிட்ட வேலை. மற்றது குளுக்கோசு தானாகப் போய்ப் புரதத்தின் அமினோத் தொகுதியில் ஒட்டுவது. சீனி வருத்தக்காரருக்கு எச்பிஏ1சி என்று ஓர் இரத்தப் பரிசோதனை எடுக்கிறார்களே, செங்குழியத்திலுள்ள ஈமோகுளோபினில் அப்படி ஒட்டிய குளுக்கோசைத்தான் அளக்கிறார்கள். செங்குழியம் ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால் இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் தெரிந்துவிடும்.

குளுக்கோசுக்கு ஒட்டுவதற்கென்று ஒரு முனை இருக்கிறது. சுக்குரோசில் குளுக்கோசின் அந்த முனையும் பிரக்டோசின் முனையும் ஒன்றோடொன்று பூட்டிக் கிடக்கின்றன. அதனால் எவ்வளவு குவிந்தாலும் அது புரதத்தைக் கெடுக்காது. தாவரம் இதைச் சேமிப்புக்கு வைத்திருப்பது கெட்டித்தனம் என்றே எனக்குப் படுகிறது.

அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப மரத்துக்குச் சீனி வருத்தம் வராது" என்றார். முழுக்கச் சரியில்லை, இலையில் குளுக்கோசும் பிரக்டோசும் உண்டு, கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்.

சரி, உங்கள் தேக்கு. நுனிக் கொப்பில் சுரண்டிப் பாருங்கள். கபிலமாக இருந்தால் கீழே கீழே வாருங்கள். அடிமரம் வரை காய்ந்திருந்தால்தான் கவலை. தண்ணீர் விடுவதென்றால் அடியில் ஊற்றாதீர்கள், கொப்புகள் விரிந்திருக்கும் எல்லையில் ஊற்றுங்கள். உறிஞ்சும் வேர்களில் பெரும்பங்கு அங்கேதான். ஆளைக் கூப்பிடுவதைக் கார்த்திகைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.