ஓட்டல் வேலையில் சேரும் முன் சூப்பர்வைசரைப் பற்றி விசாரியுங்கள்

கேட்டரிங் முடித்த மகன் ஆறே மாதத்தில் வேலையை விட்டுவிடுவானோ என்று கேட்கிறீர்கள். நியாயமான பயம். விட்டு வந்தவர்கள் முதலில் சம்பளத்தைத்தான் சொல்வார்கள். கிளறிக் கேட்டால் ரோஸ்டர், அதாவது யாருக்கு எப்போது என்ன வேலை என்ற பட்டியல், போட்ட சூப்பர்வைசரின் பெயர் வரும்.

அறைகளைச் சுத்தம் செய்யும் ஹவுஸ்கீப்பிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷிப்டில் ஒருவருக்கு 14 முதல் 16 அறை என்பது பல ஓட்டல்களில் உள்ள கணக்கு. விருந்தினர் காலி செய்துபோன அறைக்கு 30 முதல் 40 நிமிடம் பிடிக்கும். தங்கியிருப்பவரின் அறை 20 நிமிடத்தில் முடியும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒரே பையன் தலையில் 14 காலி அறைகளைக் கட்டினால், ஏழு மணி நேரத்துக்குக் குறையாது, ஒன்பதைத் தாண்டவும் செய்யும். சாப்பாட்டு நேரம் போகும், பாத்ரூம் டைல்ஸ் சரியாகத் தேய்க்கப்படாது, விருந்தினர் புகார் செய்வார், திட்டு பையனுக்கு விழும். நான்கு நாள் இப்படிப் போனால் ஐந்தாம் நாள் லீவு போடுவான். இரண்டு வகை அறைகளையும் கலந்து பங்கிடுகிறவரிடம் அதே பையன் நிலைத்து நிற்பான்.

கிச்சன் கதை வேறு. அங்கே சர்வீஸ் நேரத்தில் செஃப் அதட்டுவதைக் கொடுமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; கொதிக்கும் எண்ணெய்க்கும் கத்திக்கும் நடுவில் விவாதத்துக்கு இடமில்லை. அடுப்பு அணைந்த பிறகு அவர் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். சாஸ் ஏன் திரிந்தது என்று காட்டித் தருகிறவரிடம் எவ்வளவு திட்டு வாங்கினாலும் தொழில் வரும்.

விருந்தினரை வரவேற்கும் ஃப்ரண்ட் ஆபீஸில் பார்க்க வேண்டியது, ஊழியருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பது. ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டல்களில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க, மேலிடத்தைக் கேட்காமலே 2,000 டாலர் வரை செலவழிக்க ஊழியருக்கு அனுமதி உண்டு என்பது பிரபலம். அவ்வளவு வேண்டாம், ஏசி ஓடாத அறையை மாற்றிக் கொடுக்கவாவது டெஸ்க்கில் நிற்பவனால் முடிய வேண்டும். அதற்கும் டியூட்டி மேனேஜரைத் தேடி ஓடும் இடத்தில் சுறுசுறுப்பான பையன்தான் முதலில் சலித்துப்போவான்.

'தங்கமான மனுஷன், எதிலும் தலையிட மாட்டார்' என்று பெயரெடுத்த மேனேஜரிடமும் எச்சரிக்கை தேவை. வேலை நடக்கும் இடத்துக்கே வராதவரின் கீழ் டிரெயினிக்கு எதுவும் கற்றுத்தர ஆளிருக்காது. அங்கே யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் வைத்ததுதான் சட்டம்.

நேர்காணலில் மகன் தயங்காமல் கேட்கட்டும்: ரோஸ்டர் எத்தனை நாள் முன்னதாக ஒட்டப்படும்? போன மாதம் வீக் ஆஃப் எத்தனை முறை ரத்தானது? ஒரே நாள் வேலையை நடுவில் இடைவெளி விட்டு இரண்டாகப் பிரிக்கும் பிரேக் ஷிப்ட் உண்டா? தினமும் ஷிப்டுக்கு முன் பத்து நிமிட பிரீஃபிங் நடக்கிறதா, அதில் ஊழியர்கள் வாய் திறக்க முடியுமா? அதன் பிறகு, மதியம் ஷிப்ட் மாறும் நேரத்தில் ஊழியர் வாசலில் நின்று, ஒரு வருடம் தாண்டியவர்கள் எத்தனை பேர், சூப்பர்வைசர் கீழிருந்து மேலே வந்தவரா என்று இரண்டு மூன்று பேரிடம் விசாரிக்கட்டும். எச்.ஆர். சொல்லாததை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஏற்கெனவே மோசமான சூப்பர்வைசரிடம் சேர்ந்துவிட்டான் என்றால், முதலில் துறை மாற்றம் கேட்டு எச்.ஆரிடம் எழுத்தில் கொடுக்கட்டும். அப்படியும் சரிவராவிட்டால் நோட்டீஸ் காலத்தை முடித்து, ரிலீவிங் லெட்டரைக் கையில் வாங்கிய பிறகே வெளியேற வேண்டும். சொல்லாமல் நின்றுவிட்டால், அடுத்த ஓட்டல் கேட்கும் முதல் காகிதம் அவனிடம் இருக்காது.