நம்பிக்கையோடு நிற்கும் பேட்டருக்கு எதிரே பிட்சரின் மன உறுதி என்ன செய்கிறது?

பேஸ்பால் பிட்சரின் மன உறுதி என்பது, போன பந்தில் வாங்கிய அடியை மறந்து அடுத்ததை நினைத்த இடத்தில் எறிவது. எதிரே நல்ல ஃபார்மில் இருப்பவர் நின்றால் பதற்றத்தில் பிடி இறுகும். பந்து குறி தவறி பேட்டர் எளிதாக அடிக்கும்படி நட்டநடுவில் போய் விழும். நிறைந்த காபி டம்ளரை இறுக்கிப் பிடித்தால்தானே அதிகம் சிந்துகிறது, அதேதான்.

2001 வேர்ல்டு சீரிஸின் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) கடைசி ஆட்டம், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ். எதிரணி பேட்டர் லூயிஸ் கொன்சாலஸ் அரைகுறையாகத் தட்டிய பந்து ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டரின் தலைக்கு மேலே போய் விழ, நியூயார்க் யாங்கீஸ் அணியின் பிட்சர் மரியானோ ரிவேரா கோப்பையைக் கோட்டைவிட்டார். எனக்கு அவரிடம் பிடித்தது அதற்குப் பிந்தைய கதை: அதே கட்டர் பந்தை (கடைசி நொடியில் லேசாக விலகும் வேகப்பந்து) நம்பியே எறிந்து, 2013-இல் 652 சேவ்களோடு, அதாவது அணியின் முன்னிலையைக் கடைசிவரை காத்து முடித்த 652 ஆட்டங்களோடு, ஓய்வு பெற்றார்.

பேட்டரை முறைப்பதுதான் மன உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். ரிவேராவோ முகத்தில் எதையும் காட்டாதவர்.