கறுப்புக் காரில் வெயில் பட்டால் வட்ட வட்டமாகக் கீறல் தெரிகிறது. வாக்ஸ் போட்டால் போகுமா?

போகாது. கொஞ்ச நாளைக்கு மறையும், அவ்வளவுதான். அந்தக் கீறல்கள் நிறத்துக்கு மேலே உள்ள கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சில் இருக்கின்றன. வாக்ஸ் அதன்மேல் படலமாக உட்காரும். பாலிஷ்தான் கிளியர் கோட்டையே மிக மெல்லிசாகத் தேய்த்துச் சமப்படுத்தும். கிளியர் கோட்டின் கனமே பொதுவாக 40, 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதனால் மாதாமாதம் பாலிஷ் வேண்டாம்.

கீறல் வருவதை முதலில் நிறுத்துங்கள். காலையில் காய்ந்த துணியால் தூசி துடைப்பதுதான் பெரும்பாலும் காரணம். தண்ணீரைப் பீய்ச்சி மண்ணை இறக்குங்கள். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, இன்னொன்றில் துணி அலச வெறும் தண்ணீர். சக்கரத்துக்கு வேறு துணி. போர் தண்ணீர் என்றால் நிழலில் கழுவி, உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். தானாகக் காயவிட்டால் உப்புக்கறை வெள்ளைப் புள்ளிகளாகப் பிடித்துக்கொள்ளும்.

பாலிஷைக் கையால் போடுவதென்றால் பானட்டில் ஓர் அடிச் சதுரத்தில் முதலில் போட்டுப் பாருங்கள். நகம் சிக்கும் அளவுக்கு ஆழமான கீறல் இதற்கு மசியாது, பெயின்டரிடம்தான் போக வேண்டும். கடைசியில் வாக்ஸ்: மெல்லிசாகப் பூசி, மங்கலாகக் காய்ந்ததும் துடைத்துவிடுங்கள். கறுப்பு பிளாஸ்டிக்கில் மட்டும் படவிடாதீர்கள், வெள்ளைத் திட்டு லேசில் போகாது.